நூல் பிடித்துப் போனால்: செசிலியா விக்கூன்யா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் இவருடைய வேலையைப் பார்த்துவிட்டு வந்து நண்பர்களிடம் வாய் ஓயாமல் பேசியதில் வந்த வினை இது. ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறேன். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

யார் இந்த செசிலியா விக்கூன்யா?

சிலி நாட்டுக்காரர். கவிஞர், ஓவியர், நூலையும் கம்பளியையும் குப்பையையும் வைத்து வேலை செய்கிற கலைஞர். 1948ல் சாந்தியாகோவில் பிறந்தார். 1972ல் லண்டன், 1975ல் கொலம்பியாவின் பொகோட்டா, 1980ல் நியூயார்க். அன்றிலிருந்து நியூயார்க்தான் வீடு, சிலிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். கவிதையும் கலையுமாக இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்திருக்கின்றன.

பெயரை எப்படிச் சொல்வது?

விக்-கூன்-யா. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையின் உச்சிகளில் திரிகிற, ஒட்டக இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்குக்கும் இதே பெயர்தான். அதன் ரோமம் அவ்வளவு மெலிசு. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் காலத்தில் அரச குடும்பத்தார்தான் அதை உடுத்தலாம். இப்படிப் பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் கம்பளியைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கவிஞரா, கலைஞரா? ஒன்றைச் சொல்லுங்கள்.

அந்த ஒன்றைத்தான் சொல்ல முடியாது. பல பேர் கவிதையும் எழுதுவார்கள், படமும் வரைவார்கள். இரண்டும் தனித்தனி அறையில் இருக்கும். விக்கூன்யாவுக்கு அறையே ஒன்றுதான். நூல் இழுப்பதும் சொல் எழுதுவதும் அவருக்கு ஒரே காரியம். ஆங்கில விமர்சகர்கள் இதை விளக்க ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள், நமக்கு ஒரு சொல் போதும்: நூல். இழைக்கும் அதுதான், புத்தகத்துக்கும் அதுதான். நன்னூலில் பவணந்தி முனிவர் இதைப் பிரித்தே காட்டியிருக்கிறார். சொல்தான் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு அவள் பிடித்திருக்கும் கதிர். விக்கூன்யா இதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்த உருவகத்தோடு வளர்ந்த ஒருவருக்கு அவர் செய்வது புரிய ரொம்ப நேரம் ஆகாது.

எங்கே ஆரம்பித்தது?

ஒரு கடற்கரையில். சிலியில் கொன்கோன் என்று ஓர் ஊர், அகொன்காகுவா ஆறு பசிபிக் கடலில் கலக்கிற இடம். 1966 ஜனவரி, அவருக்குப் பதினேழு வயது. கரையில் நிற்கும்போது காற்றும் கடலும் தன்னைக் கவனிப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. நாம் கடலைப் பார்ப்பது சரி, கடல் நம்மைப் பார்க்கிறது என்றால் பதில் சொல்ல வேண்டாமா? கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து மணலில் செங்குத்தாக நட்டு வைத்தார். அவ்வளவுதான். அப்புறம் இறகு, மிதந்து வந்த மரத்துண்டு, பிளாஸ்டிக், நூல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துச் சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டே போனார். அலை வந்து எடுத்துக்கொண்டு போகும். திரும்ப வைப்பார்.

இவற்றுக்கு 'பசுரிதாஸ்' என்று பெயர் வைத்தார். குட்டிக் குப்பைகள் என்று அர்த்தம், கொஞ்சுகிற தொனியில். இன்னொரு பெயர் 'பிரெகாரியோஸ்', நிலையில்லாதவை. அந்த லத்தீன் வேரில் வேண்டுதல் என்ற பொருளும் இருப்பதை அவர் விடாமல் சுட்டிக்காட்டுவார். நிலையில்லாதது எதுவோ அது வேண்டிப் பெற்றது, அவருடைய கணக்கு அப்படி.

குப்பையைக் கோத்து வைத்தால் கலையா? என் பையன்கூடச் செய்வானே.

செய்வான், செய்யட்டும். விக்கூன்யாவும் அதை மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். உள்ளங்கை அளவு கம்பி, ஒரு இறகு, ஒரு துண்டு வலை, ஒரு சிவப்பு இழை. இது எதுவும் எதையும் 'குறிக்கவில்லை'. ஆனால் இரண்டு பொருள்களை இப்படிச் சேர்த்து நிறுத்தும்போது ஒரு வரி கவிதையில் இரண்டு சொல் சேர்ந்து நிற்கிற அதே வேலை நடக்கிறது. ஒன்றின் கனம் இன்னொன்றைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று சாய்ந்துவிடும். இதைப் பார்த்த பிறகுதான் அவர் கவிதைகளில் ஒரு சொல்லைச் சுற்றி ஏன் அவ்வளவு வெற்றிடம் விடுகிறார் என்பது எனக்குப் பிடிபட்டது.

கீப்பு, கீப்பு என்கிறார்களே, என்ன அது?

கெச்சுவா மொழியில் முடிச்சு என்று பொருள். ஆண்டிஸ் மக்கள் எழுத்துக்குப் பதில் வைத்திருந்தது. ஒரு தடித்த கயிறு, அதிலிருந்து தொங்கும் பல மெல்லிய கயிறுகள், அவற்றில் முடிச்சுகள். இன்கா அரசு மக்கள்தொகை, வரி, களஞ்சியத்து தானியம் எல்லாவற்றையும் இதில்தான் வைத்திருந்தது. முடிச்சுகள் பத்தின் மடங்குக் கணக்கில் போடப்பட்ட எண்கள் என்பதை 1912ல் லீலண்ட் லாக் என்ற அமெரிக்கர் காட்டினார்.

படித்தால் புரியவில்லை என்று நானே வீட்டில் கட்டிப் பார்த்தேன். 324 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சணல் கயிற்றைக் குறுக்கே கட்டி, அதிலிருந்து ஒரு நூலைத் தொங்க விட வேண்டும். மேலே, சணலுக்குப் பக்கத்தில், சாதாரண முடிச்சு மூன்று: அது நூறுகள். கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு: பத்துகள். இன்னும் கீழே ஒன்றின் இடம். இங்கே முடிச்சு மாறுகிறது. எம்ப்ராய்டரியில் ஊசியில் நூலைச் சுற்றி இழுப்பார்களே, அந்த மாதிரி நாலு சுற்றுச் சுற்றி ஒரே நீள முடிச்சாக இறுக்க வேண்டும். சுற்று எத்தனையோ எண் அத்தனை. ஒன்று என்ற எண்ணுக்கு ஒரே சுற்றுப் போட்டால் அது சாதாரண முடிச்சு மாதிரியே ஆகிவிடும், அதனால் அதற்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு. சரி, 304 என்றால்? பத்தின் இடத்தில் முடிச்சே போடாமல் விட்டுவிட வேண்டும். பூஜ்ஜியம் என்பது வெறும் நூல். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் நாலு சுற்று ஒழுங்காக வந்தது, ஆனால் விரல் நுனியால் தடவி எண்ணைப் 'படிக்க' முடிந்தபோது ஒரு சிலிர்ப்பு வந்தது, பொய் சொல்லவில்லை.

ஸ்பானியர்கள் வந்த பிறகு, 1583ல் லிமாவில் கூடிய திருச்சபை மாமன்றம், பழைய வழிபாட்டோடு தொடர்புள்ள கீப்புகளை எரிக்கச் சொன்னது. தப்பிப் பிழைத்தவை பல நாட்டு அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. எண்கள் புரிகின்றன. கதையும் வரலாறும் சொல்லும் கீப்புகள் இருந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன, அவற்றை இதுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

அப்படியானால் விக்கூன்யாவுக்குக் கீப்பு படிக்கத் தெரியுமா?

தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. அவருடைய முதல் கீப்புவின் பெயரே 'எதையும் நினைவில் வைத்திராத கீப்பு'. முடிச்சு ஒன்றும் இல்லாத வெறும் கயிறு, அதுவும் அறுபதுகளில் வந்ததுதான். இதைத்தான் நான் பெரிய நேர்மையாக நினைக்கிறேன். ஒரு பழைய எழுத்துமுறையைப் போலி செய்து 'இதோ நம் முன்னோர் அறிவு' என்று விற்பது சுலபம். அவர் செய்தது, எரித்துவிட்டார்கள், மறந்துபோயிற்று, அந்த மறதி இவ்வளவு நீளம் என்று ஒரு கயிற்றை நீட்டிக் காட்டியதுதான்.

சொற்களை உடைக்கிறார் என்கிறார்களே, அது எப்படி?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டுவேன்.

எழுபதுகளில் 'பலாப்ரார்மாஸ்' என்று ஒரு வரிசையைத் தொடங்கினார். அந்தப் பெயரே உடைவதற்காகச் செய்தது. பலாப்ரா என்றால் சொல். ஆர்மாஸ் என்றால் ஆயுதங்கள். நடுவில் வேறு விதமாக வெட்டினால் 'லப்ரார் மாஸ்' கிடைக்கும்: இன்னும் உழு, இன்னும் செதுக்கு. துப்பாக்கி எடுத்தவர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்ட காலத்தில், தன் கையில் இருக்கும் ஆயுதம் இதுதான் என்று ஒருவர் சொல்லை உழுதுகொண்டிருந்தார்.

'வெர்தாத்' என்றால் உண்மை. 'வெர்' பார்த்தல், 'தாத்' கொடுங்கள். பார்வையைக் கொடுப்பதுதான் உண்மை. 'சொலிதாரிதாத்' என்றால் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்து நிற்பது. அதை அவர் 'சொல் இ தார் இ தாத்' என்று பிரிக்கிறார். ஸ்பானிஷில் 'சொல்' என்றால் சூரியன் (நம் காதுக்கு இது வேறு மாதிரி கேட்கிறது, என்ன செய்ய). சூரியன், கொடுத்தல், கொடுங்கள். இதை வெறுமனே எழுதி நிறுத்தவில்லை. படமாக வரைந்தார், வெட்டி ஒட்டினார், துணியில் செய்தார், 1980ல் ஆட்டமாக ஆட வைத்து ஒரு குறும்படமும் எடுத்தார்.

நாம் சிலேடையில் ஊறியவர்கள். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் கட்டினால் நாம் ரசிப்பது அவருடைய கெட்டிக்காரத்தனத்தை. விக்கூன்யா அப்படி மார்தட்டுவதில்லை. இந்தப் பொருள் நான் போட்டதல்ல, சொல்லுக்குள் ஏற்கெனவே இருந்தது, திறந்தேன் என்பதுதான் அவர் பேச்சு. மொழியியல்காரர்கள் இதை வேர்ச்சொல் ஆய்வாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதுபோல அவர் சொல்லை அவிழ்க்கிறார்.

1973ல் என்ன நடந்தது? ஏன் எல்லாரும் அந்த வருடத்தைச் சொல்கிறார்கள்?

1973 செப்டம்பர் 11ல் சிலியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சல்வதோர் அயெந்தே அன்றே இறந்தார். ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்சி பதினாறு வருடத்துக்கு மேல் நீடித்தது. விக்கூன்யா அப்போது லண்டனில் ஸ்லேடு கலைப் பள்ளியில் உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தார். படிக்கப் போனவர், திரும்ப முடியாதவர் ஆனார்.

ஈழத்திலிருந்து புறப்பட்டு எங்கோ கரையேறியவர்களின் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வருடம் நவம்பரிலேயே 'சபோராமி' வந்துவிட்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருந்த ஒரு சின்னக் கலைஞர் அச்சகத்தில், கையாலேயே செய்து, 250 பிரதி. அயெந்தேயின் சிலியைக் கொண்டாடத் தொடங்கிய புத்தகம், பாதியில் துக்கப் புத்தகமாக மாறிவிட்டது. கவிதை, ஓவியங்களின் படங்கள், தினம் ஒன்றாகச் செய்த சின்னப் பொருள்களின் பதிவு எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். தலைப்பு 'சபோர் ஆ மீ' என்ற பழைய காதல் பாட்டின் பெயரை ஒட்டியது. என் ருசி, என் வாசம் என்ற மாதிரிப் பொருள்.

பால் குவளைக் கதை?

1979, பொகோட்டா. கலப்படப் பாலைக் குடித்து 1,920 குழந்தைகள் இறந்ததாகச் செய்தி. விக்கூன்யா நகரில் சுவரொட்டி ஒட்டினார்: இன்ன நாள், இன்ன இடத்தில் ஒரு குவளை பால் கொட்டப்படும். இடம், தென் அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் சிமோன் பொலிவார் ஒரு காலத்தில் வாழ்ந்த வீட்டுக்கு எதிரே. நாள் வந்தது. தரையில் ஒரு கண்ணாடிக் குவளை, அதன் கழுத்தில் ஒரு சிவப்பு நூல். நூலை இழுத்தார். குவளை சாய்ந்து வெள்ளையாகத் தெருக்கல்லில் ஓடியது. பக்கத்தில் தரையில் ஒரு கவிதை எழுதினார், பசுதான் இந்தக் கண்டம் என்று தொடங்குவது.

முழுக்க முழுக்க இவ்வளவுதான். மேடை இல்லை, முழக்கம் இல்லை. இதே நேரத்தில் சிலியில் ஒரு கலைஞர் குழு ஏழைக் குடியிருப்பில் அரை லிட்டர் பால் பாக்கெட்டுகளை விநியோகித்துக்கொண்டிருந்தது. எல்லாக் குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்பது அயெந்தே அரசின் திட்டம், அதை நினைவுபடுத்தத்தான். அவர்கள் அழைத்ததற்கு விக்கூன்யா பொகோட்டாவிலிருந்து அனுப்பிய பதில்தான் இந்தக் குவளை. அவர் செய்ததில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஓவியங்கள்?

உண்டு, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காலனி காலத்தில் ஆண்டிஸ் ஓவியர்களை ஐரோப்பியப் புனிதர்களை வரைய வைத்தார்கள். அவர்களும் வரைகிற சாக்கில் தங்கள் உலகத்தை உள்ளே நுழைத்தார்கள். விக்கூன்யா எழுபதுகளில் அந்த பாணியை எடுத்துக்கொண்டு மார்க்ஸ், லெனின், நாட்டுப்புறப் பாடகி வியோலேத்தா பர்ரா என்று தன்னுடைய 'புனிதர்'களை வரைந்தார். சில தொலைந்துபோய், பிறகு திரும்ப வரைந்தார். நல்ல குறும்பான படங்கள். ஆனால் சொல்லும் நூலும் அளவுக்கு என்னைப் பிடித்து நிறுத்தவில்லை.

பனிமலை மேல் ஏதோ செய்தாராமே?

2006 ஜனவரி, சிலியில் தேர்தல் நாள். மிச்செல் பாச்செலெட் முதல் பெண் அதிபராகத் தேர்வானார். விக்கூன்யா எல் ப்ளோமோ மலையடியில், பனிப்பாறையைப் பார்த்தபடி, முறுக்காத சிவப்புக் கம்பளியை நீட்டிப் பரப்பினார். பெயர் 'மாதவிடாய்க் கீப்பு'. மலை உச்சிகளில் தங்கச் சுரங்கம் தோண்டினால் பனிப்பாறை போகும், பனிப்பாறை போனால் தண்ணீர் போகும் என்பதுதான் விஷயம். புதிய அதிபருக்குக் கடிதமும் எழுதினார். மலையின் இரத்தம் தண்ணீர் என்பதைக் காட்டச் சிவப்பு. இந்த வேலையை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நமக்குக் கிடைப்பது படமும் காணொளியும்தான்.

அந்த லண்டன் கூடத்தில் என்ன பார்த்தீர்கள்?

டேட் மாடர்ன் அருங்காட்சியகம் பழைய மின்நிலையத்தில் இருக்கிறது, அதன் டர்பைன் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2022 அக்டோபர் முதல் 2023 ஏப்ரல் வரை அங்கே 'மூளைக் காட்டுக் கீப்பு' தொங்கியது. கூடத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தொங்கல்கள், 27 மீட்டர். எல்லாமே வெளிறிப்போன வெள்ளை, காய்ந்து இறந்த காடு மாதிரி. கம்பளி, கயிறு, தாவர நார். கிட்டப் போனால் நடுநடுவே தேம்ஸ் ஆற்றங்கரையில் பொறுக்கிய சின்னப் பொருள்கள் கட்டித் தொங்கும். லண்டன் வாழ் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் பொறுக்கிக் கொடுத்தவை. பாட்டும் முணுமுணுப்பும் காட்டுச் சத்தமும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தன.

நன்றாக இருந்ததா என்றால், கழுத்து வலித்தது. அவ்வளவு பெரியது. நான் அதிக நேரம் நின்றது கண்மட்டத்தில் தொங்கிய ஒரு உடைந்த பீங்கான் துண்டுக்கு முன்னால். உயரத்தைக் காட்டி மலைக்க வைப்பது அருங்காட்சியகங்களின் ஆசை. விக்கூன்யாவின் பலம் உள்ளங்கையில் இருக்கிறது என்பது என் கட்சி. இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

கவிதையை எப்படி வாசிப்பார்?

கிசுகிசுப்பாகத் தொடங்குவார். பாட்டாக மாறும், மறுபடி பேச்சாகும். ஸ்பானிஷ், ஆங்கிலம், இடையில் கெச்சுவா. சில சமயம் கூட்டத்துக்குள் நடந்து நூலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்து எல்லாரையும் கட்டிவிடுவார். தாளில் இருப்பதை அப்படியே வாசிப்பது அபூர்வம். அன்றைக்கு அந்த அறையில் என்ன நடக்கிறதோ அதுவும் கவிதைக்குள் வந்துவிடும்.

ஸ்பானிஷ் தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

ரோசா அல்கலா தொகுத்து 2018ல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள் இருமொழிப் பதிப்பு, அதை வைத்துக்கொள்ளுங்கள். 2002ல் வந்த 'இன்ஸ்தான்' புத்தகத்தில் சொற்களைக் கோடாக, இழையாகப் பென்சிலில் வரைந்திருப்பார், அது மொழி தெரியாமலே பாதி புரியும். பொகோட்டாவில் 1980ல் எடுத்த ஒரு ஆவணப்படமும் இருக்கிறது. 'கவிதை என்றால் உங்களுக்கு என்ன?' என்று தெருவில் போகிறவர்களை, போலீஸ்காரரை, சிறுவர்களை, பாலியல் தொழிலாளிகளைக் கேட்டுக்கொண்டே போகிறார். பதில்களைக் கேட்டால் பட்டிமன்றப் பேச்சாளர்கள் வெட்கப்பட வேண்டும்.

விருதெல்லாம் வாங்கியிருக்கிறாரா?

2022ல் வெனிஸ் பியென்னாலே என்ற கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம். 2023ல் சிலியின் தேசியக் கலை விருது. அதே 2023ல் சாந்தியாகோவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய மொத்த வாழ்க்கை வேலையையும் கண்காட்சியாக வைத்தது. 1971ல், இருபத்துச் சொச்சம் வயதில், அதே கட்டடத்தில் ஒரு அறை முழுக்கப் பூங்காக்களில் கூட்டிச் சேர்த்த இலையுதிர் காலத்துச் சருகைக் கொட்டி வைத்திருந்தார். நடுவில் ஐம்பத்திரண்டு வருடம்.

கொன்கோன் கடற்கரை இப்போதும் அப்படியே இருக்கிறதா?

இருக்கிறது, பக்கத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையோடு. 2010ல் 'கோன் கோன்' என்று ஒரு படம் எடுக்க அங்கேயே திரும்பிப் போனார். மீனவர்கள், பழைய புல்லாங்குழல் ஆட்டங்கள், செத்துக்கொண்டிருக்கும் கடல். மறுபடி மணலில் குச்சியை நட்டார், இழையைக் கட்டினார்.

அந்த முதல் குச்சி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

எதிலும் இல்லை. அலை ஏறியதும் போய்விட்டது, அதற்குத்தானே அங்கே வைத்தார்.